5600ஜி செட், லினக்ஸ் மின்ட்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்குச் சரிப்படுமா?

பிள்ளைகள் படிப்பு, கொஞ்சம் போட்டோ வேலை, சாயங்காலம் யூடியூப், ஆடிட்டருக்கு அனுப்ப நாலு எக்செல் ஷீட். இவ்வளவுதான் வேலை, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் எண்ணம் இல்லை என்றால், அசெம்பிள் செய்யும் கணினிக்கு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி இன்றைக்கும் துணிந்து எடுக்கலாம். இங்கே பார்க்கப்போவது ஒரு முழு செட்: 5600ஜி, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி), முன்பக்கம் வலை போட்ட கேபினெட், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 22. வாங்குகிறவர்கள் பிராசஸரைத் தேர்ந்தெடுக்கத்தான் வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் கணினியின் ஆயுளைக் குறைப்பது கரண்டும் எர்த்தும் கல்தூசியும்தான். பணமும் கவனமும் முதலில் அங்கே போகட்டும்.

பிராசஸரை முடித்துவிடுவோம். 2021 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. 6 கோர், 12 த்ரெட், 3.9 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ், உள்ளேயே வேகா 7 கிராஃபிக்ஸ். கடையில் வெறுமனே “5600” என்று கேட்டால் 5600-ஐயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கடைசி ‘ஜி’ இல்லாவிட்டால் போர்டின் எச்டிஎம்ஐயில் படமே வராது. இன்டெலில் இதே கதை ‘எஃப்’ எழுத்துக்கு: ஐ3-12100 படம் காட்டும், 12100எஃப் காட்டாது. பில்லிங் கவுன்டருக்கு மட்டும் என்றால் 4 கோர் உள்ள 12100 தாராளம். அதற்கு எச்610 போர்டு எடுக்கும்போது டிடிஆர்4 போர்டா, டிடிஆர்5 போர்டா என்று பெட்டியில் பார்க்க வேண்டும். இரண்டும் விற்பனையில் உண்டு, ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது.

5600ஜியின் பெரிய குறை, அது பிசிஐஇ 3.0 (எஸ்எஸ்டியும் கிராஃபிக்ஸ் கார்டும் பேசும் பாதை, கடையில் ‘ஜென் 3’ என்பார்கள்) மட்டுமே தரும் என்பது. பி550 போர்டின் விளம்பரமே பிசிஐஇ 4.0, அதாவது ஜென் 4 வேகம்தான். இந்த பிராசஸரோடு அந்த வேகம் வராது. ஜென் 4 எஸ்எஸ்டி போட்டாலும் நொடிக்கு 3,500 எம்பி அளவில் நின்றுவிடும். ஆகவே நல்ல ஜென் 3 எஸ்எஸ்டி போதும், மிச்சப் பணம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகட்டும். அப்படியானால் ஏ520 போர்டு போதாதா? 5600ஜியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்குப் போதும். பின்னாளில் 5700எக்ஸ் பிராசஸரும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் ஏற்றும் யோசனை இருந்தால்தான் பி550. அப்போது ஜென் 4 தானாக விழித்துக்கொள்ளும். எந்தப் போர்டானாலும் பெட்டியின் மேல் ‘ரைசன் 5000 டெஸ்க்டாப் ரெடி’ ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பயாஸோடு (போர்டைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) தேங்கிக் கிடந்த பி450 போர்டில் 5600ஜியைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு பழுது என்று நினைத்து அலைவதற்குள், கடையிலேயே பயாஸை அப்டேட் செய்து வாங்கிவிடுவது நல்லது.

ராமில் ஒரே விதி: 16 ஜிபி ஒன்று வேண்டாம், 8 ஜிபி இரண்டு வேண்டும். வேகாவுக்குத் தனி மெமரி கிடையாது, ராமையே பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4 3200 ஒற்றையாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி, இரட்டையாக இருந்தால் 51.2 ஜிபி. கிராஃபிக்ஸ் வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். போட்டபின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபியை ஆன் செய்யாவிட்டால் 3200 என்று விலை கொடுத்த ராம் 2400, 2666 என்றே ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில், பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் அதைக் கழற்றிப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். டிடிஆர்5 கேட்கும் புதிய ரைசன் 5 8600ஜி நல்ல பிராசஸர்தான், ஆனால் இந்த விலையில் வீட்டுக் கணக்குக்குக் கட்டுப்படியாகாது.

இனி எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘500 வாட்’டைத் தொடவே வேண்டாம். கையில் தூக்கினாலே தெரியும், அட்டைப்பெட்டி மாதிரி லேசாக இருக்கும். வாங்கும்போது 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஏசி இன்புட் வரியைப் படியுங்கள். சிலவற்றில் 100–240 வோல்ட் என்றிருக்கும், சிலவற்றில் 200–240 மட்டும். ஊர்ப்புறத்தில் சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்கும் லைனில் இரண்டாவது வகை ஆஃப் ஆகும், திரும்ப ஆன் ஆகும், மறுபடி ஆஃப் ஆகும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மோட்டார் ஓடும் லைனில் வீடு இருக்கிறவர்கள் 100–240 தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது. வாட் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: 5600ஜி எவ்வளவு முக்கினாலும் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. 550 வாட் என்பது நாளைய கிராஃபிக்ஸ் கார்டுக்கான இடம்.

கரண்ட் போகும்போது ஃபேனும் லைட்டும் இமைக்கக்கூட இல்லை, கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. இந்தப் புகார் இங்கே நிறைய வீடுகளில் உண்டு, எஸ்எம்பிஎஸ் பழுது என்று மாற்றுகிறவர்களும் உண்டு. இன்வர்ட்டரின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு முனையில் நார்மல், மறுமுனையில் யூபிஎஸ். நார்மலில் இருந்தால் இன்வர்ட்டர் மாறிக்கொள்ள 40 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ் முழு லோடில் தாக்குப்பிடிப்பது 16 மில்லிசெகண்ட் சுமார்தான். சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பத்து மில்லிசெகண்டில் மாறிவிடும், பெரும்பாலும் பிரச்சினை அதோடு தீரும். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர் என்றால் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் உறுமும், சில நேரம் கட்டாகும். அதற்கு சைன் வேவ் இன்வர்ட்டர் வேண்டும், இல்லையென்றால் கணினிக்கென்று தனியாக 600 விஏ யூபிஎஸ் வைத்து, அதை நேரடி லைனில் கொடுக்க வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் ஃபில்டரில் இருக்கும் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எர்த்தைப் பிடித்திருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்ட்டில், ஏறக்குறைய 115-இல், தொங்கும். மிகக் குறைந்த கரண்ட் என்பதால் ஆளைத் தூக்காது. ஆனால் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ ஒயரை மாட்டிக் கழற்றும்போது போர்ட்டைச் சுட்டுவிடும். சோதிப்பது சுலபம்: மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பிளக் பாயின்ட்டில் ஃபேஸ்–எர்த் பாருங்கள், ஃபேஸ்–நியூட்ரல் அளவுக்கே வர வேண்டும். நியூட்ரல்–எர்த் 2, 3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பாறை நிலத்தில் எர்த் குழி சித்திரை, வைகாசியில் காய்ந்துபோய் வேலை செய்யாமல் விடும். கரியும் உப்பும் போட்டுச் சரியாக அமைத்த குழியாக இருந்தாலும் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டும் குறுக்குவழிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் வந்துவிடும், உயிர் போகும்.

கிரானைட் பாலிஷ் பட்டறைகள் உள்ள இடங்களில் தூசி மாவு மாதிரி இருக்கும், ஹீட்சிங்க் இடுக்கில் அப்பிக்கொள்ளும். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, முன்வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை புளோயர் போடும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். அறை எத்தனை டிகிரி சூடாகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசஸரும் ஏறும், அதன் எல்லை 95. தகரக் கூரை, மாடி அறை என்றால் பயாஸில் ஈகோ மோடை 45 வாட்டுக்கு வைத்துவிடுங்கள். அன்றாட வேலையில் வேகம் குறைந்தது தெரியாது.

அசெம்பிள் செய்யும்போது இந்த செட்டில் அதிகம் தடுமாறும் இடம் பிராசஸரோடு கூடவே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர். போர்டில் சாக்கெட்டுக்கு இருபுறமும் கறுப்பு பிளாஸ்டிக் பிடி இரண்டு இருக்கும். இந்தக் கூலருக்கு அவை தேவையில்லை, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி எடுக்க வேண்டும். கழற்றியதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு பிடியில்லாமல் கீழே விழும். போர்டை அதன் பெட்டியின் மேல் படுக்க வைத்துச் செய்தால் தகடு இடத்திலேயே நிற்கும். கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், விரலை வைக்காதீர்கள். ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு சுற்றாக முறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் எதிர் மூலை ஸ்க்ரூ தகட்டை எட்டாது. பின்னாளில் கழற்ற நேர்ந்தால் கணினியை அரை மணி ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியபின், ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்து வந்துவிடும், பின் வளையும்.

முதல்முறை ஆன் செய்து படம் வராவிட்டால் பார்க்க வேண்டிய வரிசை: போர்டின் மேல் மூலையில் 8 பின் சிபியு பவர், பிறகு ராம் இரண்டு பக்கமும் ‘டக்’ என்று உட்கார்ந்ததா, பிறகு கேபினெட்டில் போர்டின் ஓட்டை இல்லாத இடத்தில் பித்தளைக் கால் நிற்கிறதா. தேவையில்லாத இடத்தில் நிற்கும் கால், போர்டின் அடியில் ஷார்ட் ஆகும்.

இயங்குதளத்தை மேஜையில் இருக்கும் பிரின்டரையும் கணக்கு மென்பொருளையும் பார்த்து முடிவு செய்யுங்கள். டேலி பிரைம் வேண்டுமா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருக்கிறதா, அப்படியானால் விண்டோஸ் 11 காசு கொடுத்து வாங்கிப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, புதுக் கணினியில் அதைப் போடக் கூடாது. கடையில் ‘ஃப்ரீயாகவே’ போட்டுத் தரும் கிராக் விண்டோஸில், அந்தக் கிராக் வேலை செய்யவே ஆன்டிவைரஸை அணைத்திருப்பார்கள். அதில் நெட் பேங்கிங் செய்வது ஆபத்து. விண்டோஸ் 11-க்கு பயாஸில் எஃப்டிபிஎம் (பிராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி) ஆன் ஆகியிருக்க வேண்டும், செக்யூர் பூட் வசதியும் இருக்க வேண்டும். ஹோம் பதிப்பு நிறுவும்போதே இணையம் கேட்கும், வைஃபை டிரைவர் இன்னும் இல்லாத அந்தக் கட்டத்தில் மொபைலை யூஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் செய்தால் நகரும்.

இவை எதுவும் தேவையில்லாத வீட்டுக்கு மின்ட் 22, மனதாரச் சொல்லலாம். 5600ஜிக்கு டிரைவர் எதுவும் தேட வேண்டாம், ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர் லினக்ஸின் கருவான கெர்னலிலேயே இருக்கிறது. 2029 வரை அப்டேட் வரும். அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, இந்த மாவட்டங்களில் லினக்ஸ் முகம் தெரியாத விருந்தாளி கிடையாது. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் (IBus) அதன் எம்17என் (m17n) தொகுப்பும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு மூன்றும் வரும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் கிறுக்கலாகத் தெரியும், எழுத்துருக் கோப்பை ஹோம் ஃபோல்டரின் ஃபான்ட்ஸில் போட்டால் படிக்கலாம். அப்படியே விட்டுவிடாமல் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பிரின்டரில்தான் மின்ட் சோதிக்கும். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் கேனன் எல்பிபி2900 மாட்டியதும் வேலை செய்யாது, பழைய டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020-க்கு எச்பிலிப் (HPLIP) என்ற டிரைவர் தொகுப்பின் பிளகின் ஒன்றை இறக்கினால் ஓடும். வைஃபை கார்டு வாங்கினால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 சிப் உள்ளதாகப் பாருங்கள். இரண்டு இயங்குதளமும் வேண்டும் என்றால் முதலில் விண்டோஸ், பிறகு மின்ட், முடிந்தால் தனித்தனி எஸ்எஸ்டியில். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மின்ட்டிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாது. மாறி மாறித் திறக்கும்போது விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பழுது இல்லை: மின்ட் போர்டின் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்ட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஓசூர்க்காரர்களுக்குக் கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு 40 கிலோமீட்டர்தான், தருமபுரிக்குச் சேலம் பக்கம். பிராசஸர், ராம், எஸ்எஸ்டி மூன்றையும் விலை குறைவான இடத்தில் வாங்கலாம். போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ளூர்க் கடையில் வாங்குவது மேல், வாரன்டிக்குப் போய்வர நேர்வது பெரும்பாலும் இவை இரண்டுக்கும்தான். எங்கே வாங்கினாலும் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். மின்ட் போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடையில் அசெம்பிள் செய்து முடித்ததும் அதிலிருந்து நிறுவாமலே திறந்து, ராம் 16 ஜிபிக்குப் பக்கமாகக் காட்டுகிறதா, நாலு யூஎஸ்பி போர்ட்டும் ஓடுகிறதா, சத்தம், வைஃபை, லேன் எல்லாம் வருகிறதா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வேகா கொஞ்சம் ராமை எடுத்துக்கொள்வதால் 15 சொச்சம் காட்டினால் சரி. 8-க்குக் கீழே காட்டினால் ஒரு ராம் சரியாக உட்காரவில்லை, பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கேயே கழற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.