உயர்தர உலோகங்களைத் தொழிலாகக் கொள்ள: ஆய்வகமா, ஆலையா?

மதுரையில் இயந்திரப் பொறியியல் முடிக்கும் மாணவர்களில் உலோகவியலை நாடுவோர் சிலரே. அவர்களுக்கு முன்னால் இரு பாதைகள் உள்ளன: பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வெழுதித் திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.டெக். முடித்து முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்வது ஒன்று. பட்டம் பெற்றதும் உருக்காலையிலோ வார்ப்பகத்திலோ சேர்வது மற்றொன்று.

ஆய்வுப் பாதைக்குக் கல்பாக்கம் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971-இல் தொடங்கப்பட்டது. அதிவேக ஈனுலை என்னும் அணு உலையில், வெப்பத்தை எடுத்துச் செல்லும் திரவ சோடியம் ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பாய்வதால், அதைத் தாங்கும் 316எல்என் போன்ற துருப்பிடிக்காத எஃகு நீண்ட காலச் சுமையில் எவ்வளவு மெல்ல நீளுகிறது என்பதை, அதாவது 'க்ரீப்' என்னும் பண்பை, அளந்தாக வேண்டும். ஒரே மாதிரித் துண்டைச் சுமையேற்றி 10,000 மணி நேரத்துக்கும் மேல் சோதிப்பது இத்துறையில் வழக்கம். அது ஓராண்டைத் தாண்டிவிடும். விடைக்காகக் காத்திருக்கும் மனம் இல்லாதவர் இங்கே நிலைக்க மாட்டார். ஆனால் ஓர் உலோகம் ஏன் முறிகிறது என்பதை வேர்வரை அறியும் நிறைவு வேறெங்கும் கிடைப்பதில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

ஆலையில் காலக்கணக்கே வேறு. உருகிய உலோகத்தின் கலவையை நிறமாலைமானியில் பார்த்து, ஊற்றுவதா, திருத்துவதா என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். 1973-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மிதானி என்னும் பொதுத்துறை உலோக நிறுவனத்தில் டைட்டானியத்தை வெற்றிடத்தில் உருக்குகிறார்கள். உயர்வெப்பத்தில் அது ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் ஈர்த்து நொறுங்கும் தன்மை பெறுவதே காரணம். பாடநூலில் ஒரு வரியில் முடியும் இந்த உண்மையை, உலையருகில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் காக்க வேண்டியிருக்கிறது.

வருமானத்தில் தொடக்க ஆண்டுகளில் பெரும் வேறுபாடு இருப்பதில்லை. 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் ஆகும்.

தென்மாவட்ட மாணவர்கள் அதிகம் கவனிக்காத வாய்ப்பு ஒன்றும் அருகிலேயே உள்ளது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிமானத்தை, அதாவது உலோகம் துருவேறித் தேய்வதை, ஆராய்கிறது. கடலோர ஊரான மண்டபத்தின் உப்புக்காற்றில் உலோகத் தகடுகளை வைத்துச் சோதிக்கும் பணியும் அதற்கு உண்டு. பாம்பன் பாலத்தைத் தின்னும் கடற்காற்று இத்துறைக்கு நேரடிப் பாடம்.

நான் பரிந்துரைப்பது முதலில் ஆலை, பிறகு ஆய்வு. வார்ப்பில் நுண்துளை விழுவதைக் கண்ணால் கண்டவர் ஆய்வகத்தில் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்கும். கேட் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லுபடியாகும் என்பதால், இறுதியாண்டிலேயே தேர்வெழுதிவிட்டு ஆலைக்குச் செல்பவர், இரண்டாண்டு அனுபவத்தோடு அதே மதிப்பெண்ணில் எம்.டெக். படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.