ஒரே நாளில் அனுமதி வாங்கிய என் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம், கீழே உணவகமும் மேலே ஆறு அறைகளுமாக ஒரு கட்டடம் கட்டினேன். அதில் ஒருநாள்கூட அடுப்பு மூட்டவில்லை. திறப்பு விழாவுக்கு வாங்கிய நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கியபடியே நிற்கின்றன. உப்புக் காற்றில் ஷட்டர் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. இந்தக் கரையில் கடையோ விடுதியோ கட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பதினான்கு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் சமையல் வேலை பார்த்தவன் நான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோய், ரயில்கள் மண்டபத்தோடு திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், புதுப் பாலம் திறந்தால் யாத்ரீகர் கூட்டம் பெருகும் என்று கணக்குப் போட்டேன். கையிருப்போடு மனைவியின் 22 பவுன் நகையையும் அடகு வைத்து, ஐந்தரை சென்ட் மனை வாங்கினேன்.

மனை வாங்கிக் கொடுத்த தரகர்தான் அந்த 'இன்ஜினியரை' அழைத்து வந்தார். வழக்கு நடப்பதால் பெயர் எழுதவில்லை. வரைபடம், அனுமதி, மின் இணைப்பு, உரிமம் எல்லாம் தன் பொறுப்பு என்றார். கட்டணம் 2,40,000 ரூபாய். "அண்ணே, நீங்கள் சமையலை மட்டும் பாருங்கள், காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்தச் சொல்லில் நான் விழுந்தேன்.

அவர் செய்தது இதுதான். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயச்சான்று முறையில் கட்டட அனுமதி தரத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும் என்றால், அலையாமல் இணையத்திலேயே அனுமதி கிடைக்கும். சொந்த வீடு கட்டும் சாதாரண மக்களுக்கு உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் அது குடியிருப்பு வீட்டுக்கு மட்டும். என் கட்டடத்தின் பரப்பு 3,100 சதுர அடி. அளவு பொருந்தியதால், விடுதியை வீடு என்று எழுதி விண்ணப்பித்துவிட்டார்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தேநீர்க் கடை பெஞ்சில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "அண்ணே, உங்கள் போனுக்கு ஓர் எண் வரும், சொல்லுங்கள்" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். கொடுத்த விவரங்கள் யாவும் உண்மை, தவறென்றால் அனுமதி செல்லாது என்ற உறுதிமொழிக்கு நான் ஒப்புதல் கொடுத்தது அப்படித்தான். சுயச்சான்று என்றால் சான்றளிப்பவர் உரிமையாளர். பொய் வெளிப்பட்டபோது அவர் விலகிக்கொண்டார், நான் மாட்டிக்கொண்டேன்.

கட்டடம் 2025 மே மாதம் முடிந்தது. அதற்குள் ஏப்ரல் 6 அன்று புதுப் பாலமும் திறந்துவிட்டது. ஆடி அமாவாசைக்குக் கடை திறப்பது என்று நாள் குறித்து, வணிக மின் இணைப்புக்கு விண்ணப்பித்தேன். அலுவலகத்தில் இருந்த பெண்மணி வரைபடத்தைப் பிரித்து, ஓரத்தில் 'குடியிருப்பு' என்றிருந்த வார்த்தையில் விரலை வைத்தார். "ஐயா, இதை வைத்து எப்படிக் கடைக்கு இணைப்புத் தருவது?" அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எட்டு மாதமாக அந்தக் காகிதம் என் அலமாரியில்தான் இருந்தது.

தங்கும் விடுதி நடத்த 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி வட்டாட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு விண்ணப்பித்ததும் இடத்தைப் பார்க்க வந்தார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் புல எண்ணையும் ஒப்பிட்டு, உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் மேல் எல்லையிலிருந்து, என் சுவர் வரை அளந்தார்கள். 132 மீட்டர். அளவுநாடா என் வாசற்படியைத் தொட்டு நின்றபோது யாரும் பேசவில்லை.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். எங்களைப் போன்ற ஊராட்சிப் பகுதிகளுக்கு, 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. "அதெல்லாம் பழைய சட்டம் அண்ணே, 2019 அறிவிக்கையில் 50 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள்" என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அது பாதி உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்பகுதிகளுக்குத்தான் அந்த 50 மீட்டர். அதுவும் புதிய அறிவிக்கைப்படி திருத்திய வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் பொருந்தும். பனையும் உடைமரமும் நிற்கும் எங்கள் கரையில் அந்த நெருக்கம் எங்கே இருக்கிறது? முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது என்னிடம் மறுத்துச் சொல்லியிருப்பார்கள்.

"பக்கத்தில் வீடு இருக்கிறதே, அதை யாராவது கேட்டார்களா?" என்றும் இன்ஜினியர் காட்டினார். அது மீனவர் வீடு. 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புக்கு விதியிலேயே இடம் உண்டு. என் விடுதிக்கு இல்லை. 200 மீட்டரைத் தாண்டிவிட்டாலும் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு தொடர்கிறது. எனவே மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே புல எண்ணோடு போய் அந்த வரைபடத்தைப் பாருங்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருப்பதைப் பார்த்து நான் நிம்மதியடைந்தேன். கடல் எவ்வளவு தூரம் என்பதை அவை இரண்டும் சொல்லாது.

விதியின் மேல் எனக்குக் கோபமில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. எதிரே கடலில் தேசியப் பூங்காவின் தீவுகள் இருக்கின்றன. விதியைத் தெரிந்துகொண்டே மறைத்து என் பணத்தில் சுவர் எழுப்பியவர் மேல்தான் கோபம்.

என் கட்டட வரைபடத்திலிருந்த முத்திரையைத் தேடிப் போனேன். பதிவு எண் மதுரையில் இருக்கும் வேறொரு பொறியாளருடையது. அவர் என் மனையைக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். 2,40,000 ரூபாயில் அரசுக்குக் கட்டியதற்கு என்னிடம் இருக்கும் ரசீது 31,000 ரூபாய்க்குத்தான். "மேலே கொடுக்க வேண்டும்" என்று எங்கள் இன்ஜினியர் கேட்டபோது 50,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். அது என் தவறு, மறைக்க விரும்பவில்லை. அதற்குச் சான்றும் இல்லை.

மீதி 1,90,000 வங்கி வழியாகப் போனதால்தான் வழக்கு நிற்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்ததால் மனுக் கட்டணம் இல்லை. வணிக நோக்கம் என்பதால் நான் நுகர்வோரே இல்லை என்கிறது எதிர்த்தரப்பு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காகப் பெற்ற சேவை வணிக நோக்கத்தில் சேராது என்று என் வழக்கறிஞர் வாதிடுகிறார். அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கிறோம். கட்டடத்தை ஏன் அகற்றக் கூடாது என்று கேட்டு வந்த அறிவிப்புக்கும் பதில் எழுதியிருக்கிறேன். கட்டடம் நிற்குமா என்று தெரியாது.

சென்ற வாரம் கீழக்கரைச் சாலையில் வரும்போது, கடல் பக்கம் ஒரு மனையில் அதே இன்ஜினியரின் காரைப் பார்த்தேன். அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அவர் கிளம்பும்வரை காத்திருந்து, மனைக்காரப் பையனிடம் போய் என் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று கேட்டேன். "இல்லை மாமா, நாளைக்கு என் போனுக்கு ஓர் எண் வருமாம், அதைச் சொன்னால் போதுமாம்" என்றான்.