பிரெயில் புத்தகத்துக்குப் பணம் கட்டும் முன்

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஜூனில் எல்லாருக்கும் பாடநூல் வந்தது, இவளுக்குப் பிரெயிலில் வரவில்லை. பதற்றத்தில் கும்பகோணத்தில் பிரெயில் அடித்துத் தரும் ஒருவரிடம் தமிழுக்கும் அறிவியலுக்கும் சேர்த்து 6,800 ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டேன். இரண்டு வாரம் என்றார். ஆடிப்பெருக்கு கழிந்துதான் பார்சல் வந்தது.

பக்கம் பக்கமாகப் புள்ளிகள். எனக்குப் பிரெயில் தெரியாது, பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. மகள் முதல் வரியைத் தடவினாள். மறுபடி தடவினாள். "அம்மா, இது தமிழே இல்லம்மா" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. பழைய எழுத்துருவில் இருந்த பிடிஎஃப்பை மென்பொருளில் போட்டு, மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே அடித்திருக்கிறார்கள். அச்சில் 'கெ' என்றால் கொம்பு முன்னால் நிற்கும். பிரெயிலில் ககரம் முதலில், எகரம் அப்புறம். இவர்கள் புத்தகத்தில் கொம்பு முன்னாலேயே நின்றது, பல எழுத்துகள் வேறு எழுத்தாகியிருந்தன. அறிவியலில் படம் வர வேண்டிய இடமெல்லாம் வெறுமை, ஒரு வரி விளக்கம்கூட இல்லை. தாளும் சாதாரண ஜெராக்ஸ் தாள். அடுக்கி வைத்த பத்தே நாளில் புள்ளிகள் அமுங்கிப்போயின.

கும்பகோணத்துக்காரரிடம் கேட்டதற்கு, "மென்பொருள்தாம்மா மாத்துச்சு, நாங்க என்ன பண்றது" என்றார். அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. காலாண்டுத் தேர்வுக்குத் தோழி வாசிக்க வாசிக்கக் கேட்டே படித்தாள் என் பெண்.

இந்தப் பணத்தை நான் கட்டியிருக்கவே வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவருக்கு 18 வயது வரை புத்தகமும் உதவிக் கருவியும் இலவசமாகத் தர வேண்டும். தலைமையாசிரியருக்கும் வள மையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுகிறார்கள். 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற, பார்வையற்றோருக்கான இணைய நூலகத்திலும் தேடிப் பாருங்கள்.

அவசரத்துக்கு வெளியில்தான் அடிக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு மாதிரிப் பக்கம் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிரெயில் படிக்கத் தெரிந்தவர் மெய்ப்புப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் வழக்குப் போடலாமாம். ரசீதோடு திருவாரூர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் புத்தகத்தையும் சேர்த்தே எடுத்துப்போகப் போகிறேன்.