தாழ்த்தும் ஸ்பிரிங்கா, கொயிலோவரா?

திருகோணமலையில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைத் தினமும் வேலைக்கு ஓட்டுபவர், காரைக் கொஞ்சம் இறக்கி ஓட ஆசைப்பட்டால் இந்தக் குழப்பம் வரும். கொயிலோவர் என்பது ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் ஒன்றாய்ச் சேர்ந்த செட். அதில் காரின் உயரத்தை மாற்றலாம். நல்ல செட் என்றால் டாம்பிங்கையும், அதாவது துள்ளலை அடக்கும் இறுக்கத்தையும். கந்தளாய்ப் பக்கம் நீண்ட ஓட்டத்துக்கு இறுக்கி, ஊருக்குள் வேகத்தடைகளுக்குத் தளர்த்தலாம். ஆனால் எத்தனை பேர் குனிந்து திருகப் போகிறோம்?

பெரிய எதிரி உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரமே ஓடும் காரில், உயரம் மாற்றும் மரைகளில் உப்பும் மணலும் ஏறும். அடிக்கடி கழுவாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகென்ன, கொடுத்த காசு வீண்தான்.

தாழ்த்தும் ஸ்பிரிங் மலிவு. 25 மில்லிமீட்டர் இறக்கினாலே வளைவில் சாய்வு குறையும். தேய்ந்த சொக் அப்சோபரோடு மட்டும் போடாதீர்கள், துள்ளும். நான் எடுப்பது ஸ்பிரிங்கும் புதுச் சொக்கும்தான். எதைப் பூட்டினாலும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓடினால் டயர் ஒருபக்கமாய்த் தேயும்.