குன்னூரில் பழைய அம்பாசடருக்கு டைமிங் வைக்க

குன்னூர் பெட்போர்டு பக்கம் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய பெட்ரோல் வண்டிக்கு டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம், வைக்க வேண்டுமென்றால் நான் கை காட்டுவது அதைத்தான்.

என்னுடையது மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி. கோயம்புத்தூரில் ஒருவர் காதை வைத்தே டைமிங் வைத்துக் கொடுத்திருந்தார். அங்கே நன்றாகத்தான் ஓடியது. ஊட்டிப் பக்கம் லவ்டேல் ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்கியது.

இந்த அண்ணன் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "மேலயே ஓட்டுவீங்களா சார், கீழயும் இறங்குவீங்களா?" பாதி மார்க் இந்தக் கேள்விக்கே. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை எரிய நேரம் எடுக்கும். ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்தால்தான் இழுவை கிடைக்கும். அதே செட்டிங்கோடு கீழே மேட்டுப்பாளையம் போய் ஆக்சிலேட்டரை அழுத்தினால் நாக்கிங், எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டும் சத்தம். அப்படியே ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து.

அடிக்கடி இறங்குவேன் என்றேன். சரி, நடுவாக வைக்கலாம் என்றார்.

ஸ்பார்க்கை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர்; அதைத் திருப்பித்தான் டைமிங் வைப்பார்கள். அதைத் திருப்ப அவர் அவசரப்படவில்லை. கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு, ஸ்பார்க் கசிந்த தடம். பனி விழும் காலையில் வண்டி மிஸ் ஆனதற்கு அதுதான் காரணம். எஞ்சின் உறிஞ்சலுக்கு ஏற்ப டைமிங்கை மாற்றும் வேக்குவம் யூனிட்டின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார், உள்ளே தட்டு அசையவே இல்லை. யூனிட்டுக்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வு கிழிந்திருந்தது. அப்புறம் பாயிண்ட் இடைவெளி, கேஜ் வைத்து 0.4 மில்லிமீட்டர். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும், அதனால் அது முதலில். கடைசியாகத்தான் காயிலிலிருந்து பாயிண்ட்டுக்கு வரும் முனையில் ஒரு சின்ன பல்பை மாட்டி, இன்னொரு ஒயரை பாடியில் தொட்டு, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினார். பல்பு எரியும் நொடியில் பாயிண்ட் திறக்கிறது. அங்கே நட்டை இறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு, டைமிங் லைட்டால் புல்லி குறியை இன்னொரு தடவை சரிபார்த்தார்.

இப்போது லவ்டேல் ஏற்றம் மூன்றாம் கியரில் போகிறது. மலையடிவாரத்தில் கல்லாறு தாண்டி ஏறும்போதும் நாக்கிங் சத்தம் இல்லை.

குறைகளும் உண்டு. வேக்குவம் யூனிட் கையிருப்பில் கிடையாது, கீழேயிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை வண்டி அங்கேயே நிற்கும். போனை எடுக்கமாட்டார். பில் கேட்டால் சிரிப்பார். கொட்டகைக்கு முன்பக்கம் மறைப்பு இல்லாததால் சாரல் அடித்தால் வேலை நின்றுவிடும், ஐப்பசி மழையில் போகாதீர்கள். கூலி 600 ரூபாய், சாமான் தனி. டீசல் வண்டி எடுப்பதில்லை.