மாமாநேட்டலி: இடுப்பில் கட்டும் பிரசவ மாதிரியும் அதைச் சுற்றியுள்ள பயிற்சி முறைகளும்

மகப்பேற்றுச் செவிலியம் பயில்வோருக்குக் கைத்திறன் கற்பிக்க இன்று கிடைக்கும் கருவிகளை வரிசைப்படுத்தினால், மேசைமேல் வைக்கும் இடுப்பெலும்பு மாதிரியில் தொடங்கி, மூச்சுவிட்டுக் கண்சிமிட்டும் முழு உருவ இயந்திரப் பொம்மையில் முடியும். அந்த வரிசையின் நடுவே நிற்பது, நார்வே நாட்டின் லேர்டல் குளோபல் ஹெல்த் நிறுவனம் தயாரிக்கும் மாமாநேட்டலி. பயிற்சிக்கூடத்தில் இதைத் தொடர்ந்து இயக்கி வரும் ஆசிரியர் என்ற முறையிலும், மற்ற முறைகளிலும் அதே பாடங்களை நடத்தியவர் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கருவி நல்லது. ஆயினும், அதை வாங்கி வைத்ததாலேயே மாணவர்களின் கைகள் தேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கும் நிறுவனங்கள் ஏமாற்றம் அடையும். அதற்கான காரணங்களைத்தான் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இச்சாதனத்தை ஆசிரியரோ மூத்த மாணவரோ தம் வயிற்றின்மேல் வார்களால் கட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து படுக்க வேண்டும். உள்ளே நியோநேட்டலி என்னும் சிசுப் பொம்மை, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, இறுகவும் தளரவும் செய்யக்கூடிய கருப்பை, சுமார் 1.5 லிட்டர் செயற்கை இரத்தம் கொள்ளும் பை ஆகியவை உள்ளன. கட்டியிருப்பவரே தம் கைகளால் சிசுவைப் பிறப்புப் பாதை வழியாகத் தள்ளுகிறார். இரத்தம் எவ்வளவு வர வேண்டும், கருப்பை எப்போது இறுக வேண்டும் என்பவற்றையும் அவரே முடிவு செய்கிறார். மின்சாரம் தேவையில்லை. பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். சிசுப் பொம்மைக்குள் தண்ணீரை நிரப்பினால் அது ஏறத்தாழ 2 கிலோ எடையுடன் துவண்டு கிடக்கும். வெதுவெதுப்பான நீராக இருந்தால், பிறந்த குழந்தையை ஏந்தும் உணர்வு இன்னும் நெருங்கி வரும். கையடக்கமான குமிழ்களை அழுத்தி அதன் மூச்சையும் தொப்புள்கொடித் துடிப்பையும் உண்டாக்கலாம், நிறுத்தலாம்.

இக்கருவியின் தலையாய சிறப்பு அதன் இரப்பரிலோ குழாய்களிலோ இல்லை. அதைக் கட்டியிருப்பவர் பேசுகிறார் என்பதே அது. மேசைமேல் இருக்கும் இடுப்பு மாதிரிக்கு முகம் கிடையாது. அதில் பழகும் மாணவர்கள் அனுமதி கேட்காமல் உள்பரிசோதனை செய்யவும், தம் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கவும், வாய் திறவாமல் வேலையை முடிக்கவும் பழகிவிடுகிறார்கள். பிரசவ அறைக்கு வந்தபின் அந்தப் பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. மாமாநேட்டலியில் அதே மாணவர் கையை நீட்டியதும், "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வருகிறது. வலிக்கிறது என்கிறார், காலை மடக்கிக்கொள்கிறார், குழந்தை ஏன் இன்னும் அழவில்லை என்று கேட்கிறார். விடை சொல்லிக்கொண்டே வேலை செய்வது தனியொரு திறன். அதை விரிவுரையால் புகட்ட முடியாது. நடிப்பில் தயக்கமுள்ள ஆசிரியர்கள் இதைக் கட்டிக்கொள்ள முன்வருவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். அவர்களை வற்புறுத்துவதைவிட, பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உடன்பணியாளர் ஒருவரை அழைப்பது மேல். அவர் தரும் பின்னூட்டம், "உங்கள் கை குளிர்ந்திருந்தது, நீங்கள் என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை" என்ற வகையில் அமையும். எந்த மதிப்பெண் தாளிலும் அது இடம்பெறுவதில்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைக் கற்பிப்பதில் இதற்கு நிகரான எளிய கருவியை நான் கண்டதில்லை. குழந்தை பிறந்த 1 நிமிடத்துக்குள் 10 அலகு ஆக்ஸிடோசின் ஊசி, ஒரு கையால் கருப்பையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் தொப்புள்கொடியை நிதானமாக இழுத்தல், நஞ்சுக்கொடி முழுமையாக வந்ததா என்று பார்த்தல், கருப்பை இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தல் என்னும் வரிசையை எல்லா மாணவரும் ஒப்பிப்பார்கள். ஒப்பிப்பவரின் கைக்குக் கீழே கருப்பை மெல்லத் தளர்ந்து, விரிப்பில் சிவப்பு பரவத் தொடங்கும்போதுதான் அந்த வரிசை உண்மையில் கைவசம் இருக்கிறதா என்பது தெரியவரும். தேய்த்துவிட்டதும் கருப்பை இறுகுவதையும், கையை எடுத்ததும் மீண்டும் தளர்வதையும் இயக்குபவர் மாணவரின் செயலுக்கேற்ப உடனுக்குடன் காட்ட முடிவதே இங்கு முக்கியம்.

இரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடும்போது, இழப்பு மிகுதியாக இருக்கும் இடங்களில் குறைத்தே சொல்கிறோம் என்பது இத்துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த குறை. ஆகவே இம்மாதிரியோடு அளவு குறித்த இரத்தச் சேகரிப்பு விரிப்பையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. மாணவரிடம் முதலில் உத்தேச அளவைச் சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு விரிப்பின் அளவுக் கோட்டைக் காட்டினால், 500 மில்லிலிட்டர் என்பது எப்படி இருக்கும் என்று கண் பழகுகிறது. 2023இல் வெளிவந்த இ-மோட்டிவ் ஆய்வில், இத்தகைய விரிப்பைக் கொண்டு இரத்தப்போக்கை விரைவில் கண்டறிந்து சிகிச்சைகளை ஒரே தொகுப்பாக அளித்த மருத்துவமனைகளில், கடும் இரத்தப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் நேரும் மரணம் ஆகியவை சேர்ந்த விளைவு 60 சதவீதம் குறைந்தது. பயிற்சிக்கூடத்தில் இந்த விரிப்பைத் தவிர்ப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. பிறப்புப் பாதையின் வாய்ப்பகுதி உண்மையான தசையைப் போல நீள்வதில்லை. ஆகையால் தலை வெளிவரும்போது பிறப்புப் பாதைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட மூலாதாரப் பகுதியைத் தாங்கிப் பிடிக்கும் கைப்பக்குவத்தை, கை வைக்கும் இடம் என்ற அளவில்தான் இதில் கற்பிக்க முடியும். எவ்வளவு அழுத்தம் என்பதைக் கற்பிக்க முடியாது. கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருக்கிறது என்று இரண்டு விரல்களால் அளக்கப் பழக, 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான, கண்ணுக்குத் தெரியாதபடி பெட்டிக்குள் வைத்த தனி மாதிரிகள் வேண்டும். கிழிசலைத் தைக்கப் பழகுவதற்கு நுரைப்பஞ்சோ விலங்குத் தசையோதான் ஏற்றது. செயற்கை இரத்தம் ஓடிய குழாய்களையும் பைகளையும் ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் அலசி உலர்த்தும் வேலை யாருடையது என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். இயக்குபவரின் திறமையைப் பொறுத்தே பயிற்சியின் தரமும் அமையும் என்பதால், ஒரே நிகழ்வை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக நடத்திவிடும் அபாயமும் இருக்கிறது. தேர்வுக்கு இதைப் பயன்படுத்துவோர் நிமிட வாரியான குறிப்பை எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

முழு உருவ இயந்திரப் பொம்மைகள் வேறொரு வேலைக்கு உரியவை. பேறுகால வலிப்பு, கர்ப்பிணியின் இதயத் துடிப்பு நின்றுபோதல் போன்றவற்றில் மருத்துவர், மயக்கவியலாளர், செவிலியர் எல்லாரும் ஒரு குழுவாக ஒத்திகை பார்க்கும்போது, திரையில் இரத்த அழுத்தமும் ஆக்ஸிஜன் அளவும் மாறிக்கொண்டிருக்கும் அத்தகைய பொம்மையின் பயன் பெரிது. ஆனால் முதலாண்டு மாணவருக்குக் கைப்பழக்கம் ஏற்றுவதற்கு அது மிகையானது. நான் பயன்படுத்திய அத்தகைய பொம்மை ஒன்று, வகுப்பு முழுவதும் காத்திருக்கச் சிசுவைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது. தொழில்நுட்ப உதவியாளர் வரும்வரை விரிவுரைதான் நடந்தது. அதைவிடக் கவலை தருவது மாணவர்களின் பார்வை. தாயின் முகத்தை நோக்க வேண்டிய கண்கள் திரையின் எண்களிலேயே நிலைத்துவிடுகின்றன.

விலையும் நுட்பமும் கூடிய மாதிரியால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குழந்தையின் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் நிலையை எடுத்துக்கொள்வோம். அரிதாக நேர்வதாலும், நேரும்போது சில நிமிடங்களே கையில் இருப்பதாலும், பிரசவ அறையில் பார்த்துப் பழகலாம் என்று விட்டுவிட முடியாத திறன் இது. தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கும் மெக்ராபர்ட்ஸ் நிலை, பூப்பெலும்புக்கு மேலே அழுத்தம், பின்புறக் கையை வெளியே எடுத்தல் என்னும் படிகளைப் பழகுவதற்கென்றே அமைந்த பிராம்ப்ட் மாதிரியில், தலையை இழுக்கும் விசையை அளக்கும் வசதியும் உண்டு. பிரிட்டனில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், இதில் பயின்றவர்களில் 94 சதவீதத்தினரும் பழைய எளிய மாதிரிகளில் பயின்றவர்களில் 72 சதவீதத்தினரும் பின்னர் ஒத்திகையில் சிசுவை வெற்றிகரமாக வெளியே எடுத்தார்கள். முன்னவர்கள் செலுத்திய மொத்த விசையும் குறைவு. பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் மருத்துவமனையில் பணியாளர் அனைவருக்கும் இப்பயிற்சி கட்டாயமானபின், தோள் சிக்கிய பிரசவங்களில் சிசுவுக்குக் காயம் ஏற்படும் வீதம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாக இறங்கியது என்று 2008இல் வெளியான கட்டுரை காட்டுகிறது. மாமாநேட்டலியிலும் தோள் சிக்கலை நடித்துக் காட்டலாம். படிகளின் வரிசையும் குழுவினர் பேசிக்கொள்ளும் முறையும் அதில் நன்றாகவே படியும். இழுவிசையைப் பற்றிய பாடத்துக்கு மட்டும் வேறு மாதிரியை நாட வேண்டும்.

கருவி புதிதாகத் தோன்றினாலும் எண்ணம் பழையது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவச்சி ஆஞ்செலிக் து குத்ரே, துணியாலும் தோலாலும் தைத்த இடுப்பும் சிசுவும் கொண்ட மாதிரியை எடுத்துக்கொண்டு, மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணையோடு நாடு முழுவதும் சென்று கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். அவற்றுள் ஒன்று ருவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் கைப்பழக்கத்தால் கற்பிக்கலாம் என்பதே அவருடைய துணிவு.

இனிக் கற்பிக்கும் முறை. ஆசிரியர் ஒருமுறை செய்து காட்ட, சுற்றி நிற்போர் எட்டிப் பார்த்து, பிறகு ஆளுக்கொரு தடவை தொட்டுவிட்டுப் போகும் வழக்கமான செயல்விளக்க வகுப்பில், எந்த விலையுயர்ந்த மாதிரியும் வீண். அறுவை மருத்துவர் பேட்டன் வகுத்த நான்கு படி முறை இதைவிடப் பலன் தருகிறது. முதலில் ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்கிறார். அடுத்து ஒவ்வோர் அசைவையும் விளக்கியபடி மெதுவாகச் செய்கிறார். மூன்றாவதாக மாணவர் வாயால் சொல்லச் சொல்ல ஆசிரியரின் கை செயல்படுகிறது. நான்காவதாக மாணவரே சொல்லியபடி செய்கிறார். பெரும்பாலோர் நேரமில்லை என்று விட்டுவிடுவது மூன்றாம் படியைத்தான். மாணவரின் மனத்தில் உள்ள பிழை வெளிப்படும் இடமும் அதுவே. நஞ்சுக்கொடியை எடுக்கும் பாடத்தில், கருப்பையைத் தாங்கும் கையைச் சொல்ல மறந்துவிட்டு "இப்போது இழுங்கள்" என்று கட்டளையிடும் மாணவர் எல்லாத் தொகுதியிலும் இருப்பார்.

காணொளியைப் பொறுத்தவரை, வகுப்புக்கு முன்னே பார்த்துவிட்டு வருவதற்கு அது மிக உகந்தது. முதலிரண்டு படிகளின் நேரத்தைக் கணிசமாக மிச்சப்படுத்துகிறது. தவறான கோணத்தில் இருக்கும் மணிக்கட்டைத் திருத்த அதனால் முடியாது. மெய்நிகர்க் கண்ணாடிகளுக்கும் இதே வரம்பு பொருந்தும்.

எல்லாவற்றையும்விட என் மதிப்பீட்டை மாற்றியது, தான்சானியாவின் ஹேடம் மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி. பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டும் ஒருநாள் பயிற்சியை அங்கே முதலில் நடத்தியபோது, பொம்மையில் பணியாளர்களின் திறன் உயர்ந்தது. பிரசவ அறையில் அவர்கள் செய்த சிகிச்சையில் மாற்றம் தெரியவில்லை. பிறகு பொம்மையைப் பிரசவ அறைக்கே கொண்டுவந்து, வாரந்தோறும் சில நிமிடங்களும் மாதந்தோறும் சற்று நீண்ட நேரமும் பழக ஏற்பாடு செய்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் மரணம் 1000 பிறப்புகளுக்கு 11.1இலிருந்து 7.2ஆகக் குறைந்தது. பொம்மை மாறவில்லை, பழகும் இடமும் இடைவெளியும்தான் மாறின. மாமாநேட்டலியைப் பருவத்துக்கு ஒருமுறை அலமாரியிலிருந்து இறக்கி முழுநாள் வகுப்பு எடுக்கும் கல்லூரிகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய, நிலையம் நிலையமாகச் சென்று செய்து காட்டும் தேர்வு முறைக்கு இந்த மாதிரி பொருந்தும். ஆனால் சரிபார்ப்புப் பட்டியலை மட்டும் வைத்து மதிப்பெண் இட்டால், எல்லாப் படியையும் பதற்றத்தோடு செய்தவரும் தேறிவிடுவார். தாயாக நடிப்பவருக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு தருவது இதை ஓரளவு சரிசெய்யும்.

புதிதாகப் பயிற்சிக்கூடம் அமைப்போர் ஒரு முழு உருவ இயந்திரத்தை வாங்குவதற்கு முன், இரண்டு மாமாநேட்டலி, கருப்பை வாய் மாதிரித் தொகுதி ஒன்று, தையல் பழகும் பொருள்கள், அளவு குறித்த விரிப்புகள் ஆகியவற்றை வாங்குவது தகும் என்பது என் கருத்து. இரண்டு வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: ஒன்று வகுப்பறையில் இருக்கட்டும்; மற்றொன்றை மாணவர்கள் பணிபுரியும் பிரசவப் பிரிவிலேயே, பூட்டில்லாத இடத்தில், இரவுப் பணியில் இருப்போரும் எடுக்கும்படி வைத்துவிடலாம்.