"ஸ்விஸ் 2824" என்று விற்ற வாட்சுக்குள் மியோட்டா 8215

செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவில் தானே சாவி ஏறுவது) வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. ஸ்விஸ் நிறுவனமான ஈடிஏ-வின் 2824-2 மெஷின் என்று சொல்லி, அதற்கான விலையும் வாங்கிக்கொண்டு விற்கப்பட்ட ஒரு வாட்ச்சைத் திறந்தால், உள்ளே ஜப்பான் மியோட்டா 8215. ரோட்டரில் (கை அசையும்போது சுழன்று சாவி ஏற்றும் அரைவட்டத் தகடு) மட்டும் "ஸ்விஸ்" என்று பொறித்திருந்தது. ரோட்டரைக் கழற்றி வேறொன்றை மாட்ட அதிக நேரம் ஆகாது, அதை நம்பக் கூடாது. 2824-ல் ஈடிஏ முத்திரையும் எண்ணும் பேலன்ஸ் வீலுக்கு (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) அடியில், மெயின் பிளேட்டில் (மெஷினின் அடித்தகடு) இருக்கும். அந்த இடத்தின் படத்தைக் கேளுங்கள்.

பின்மூடியைத் திறக்காமலேயே இதைப் பிடித்திருக்கலாம். 2824 மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு 8. 8215-க்கு 21,600, நொடிக்கு 6. போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து நொடிமுள் எத்தனை முறை தாவுகிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். நேரம் திருத்தக் கிரவுனை (பக்கவாட்டுத் திருகை) இழுத்தால் 2824-ல் நொடிமுள் நிற்கும். பழைய 8215-ல் நிற்காது. ரோட்டர் 2824-ல் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறும்; 8215-ல் ஒரு பக்கம்தான் ஏறும், மறுபக்கம் சும்மா சுழலும்போது கிர்ரென்ற அதிர்வு மணிக்கட்டில் தெரியும். "ஸ்விஸ் மெஷின் சத்தம் அப்படித்தான்" என்பது விற்றவரின் விளக்கம்!

துடிப்பை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். மியோட்டா 9015-ம் 28,800தான், நொடிமுள்ளும் நிற்கும். அதைக் காட்டிக்கொடுப்பது ஒருபக்க ரோட்டர்தான். சீனாவின் சீகல் எஸ்டி2130, 2824-ன் நகல். அதைக் கண்டுபிடிக்க மெயின் பிளேட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

டைம்கிராஃபர் (வாட்ச்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவி) படத்தில் "நாளுக்கு +3 நொடி" என்று காட்டினாலும் மயங்க வேண்டாம். ஒரே நிலையில் வைத்து ரெகுலேட்டரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) திருப்பினால் எந்த மெஷினும் அப்படிக் காட்டும். முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் வீல் ஆடும் கோணம்) 270 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா, வாட்ச்சைச் செங்குத்தாகப் பிடித்தால் எவ்வளவு இறங்குகிறது என்று கேளுங்கள்.

8215 மட்டமான மெஷின் இல்லை. நாளுக்கு -20 முதல் +40 நொடி என்பதே அதன் தர வரம்பு. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் ஓடும். எண்ணெய் காய்ந்த 2824-ஐ விட அது எவ்வளவோ மேல். விலைதான் மோசடி.

"நிஜமான 2824-ஐயே போட்டுத் தருகிறேன்" என்று விற்றவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 8215-ன் நொடிமுள் துளை 0.17 மி.மீ., 2824-க்கு 0.25. டயலை மெஷினோடு பிணைக்கும் கால்களும் பொருந்தாது, மெஷின் தடிமனும் வேறு. ஒட்டுப்போட்ட வாட்ச்தான் கைக்கு வரும். பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.